ஜெஃப்ரி துரையின் காது

அத்தியாயம் 5

பதினொரு மணி ஆகியும் குன்னூரில் வண்டிகள் விளக்கைப் போட்டுக்கொண்டுதான் ஓடின. ஆடிச் சாரல் நின்ற இடத்தில் மூடுபனி வந்து உட்கார்ந்திருந்தது. கமலேஷின் பழைய ஆம்னி, கியர் மாற்றும்போதெல்லாம் முனகிக்கொண்டே மேட்டில் ஏறியது. பக்கத்து இருக்கையில் நாஜ்னீன் ஒரு வார்த்தை பேசாமல் உட்கார்ந்திருந்தாள்.

கோபம் வந்தால் நாஜ்னீன் பேசமாட்டாள். இன்சூரன்ஸ் கம்பெனியில் பொய்க் கணக்கு காட்டுகிறவர்களைப் பிடிக்கும் வேலையைப் பல வருடம் பார்த்துவிட்டு, மார்க்கெட்டில் அத்தாவின் பாத்திரக்கடைக்கு மேல்மாடியில் துப்பறியும் ஆபீஸ் திறந்தவள் அவள். கமலேஷ் அவளுக்கு உதவியாளன், டிரைவர், டீ வாங்கி வருகிறவன். அவன் வாய் மட்டும் சம்பளம் இல்லாமல் ஓவர்டைம் பார்க்கும்.

அன்று காலையில் கடைப் படிக்கட்டில் சசிகலா நின்றிருந்தாள். எஸ்டேட் தேயிலை ஃபேக்டரியில் பேக்கிங் பிரிவில் வேலை செய்கிறவள். அவளுடைய அம்மா இசக்கியம்மா, ரிட்டையர்டு எஸ்டேட் மேனேஜர் ஜெஃப்ரியின் பங்களாவில் வீட்டுவேலை பார்க்கிறாள். வியாழக்கிழமை அந்த வீட்டில் ஒரு கேபிள் திருட்டுப் போனது. பாட்டுப் பெட்டியையும் ஸ்பீக்கரையும் இணைக்கிற கேபிள். விலை மூன்றேகால் லட்சம். வெள்ளிக்கிழமை காலை போலீஸ் ஜீப் எஸ்டேட் தொழிலாளர்கள் குடியிருக்கிற லயன் வீடுகளுக்கு முன்னால் வந்து நின்று, எல்லாரும் பார்க்க இசக்கியம்மாவை ஏற்றிக்கொண்டு போனது. அதிலிருந்து தினமும் அவள் ஸ்டேஷனுக்குப் போய் இருட்டும் வரை பெஞ்சில் உட்கார வேண்டும். நேற்று எஸ்டேட் ஆபீஸில் சசிகலாவைக் கூப்பிட்டு, லயன் வீட்டைக் காலி செய்யும்படி சொல்லிவிட்டார்கள்.

இதையெல்லாம் சசிகலா அழாமல் சொன்னாள். கடைசியாகச் சொன்னதுதான் நாஜ்னீனை நாற்காலியிலிருந்து எழ வைத்தது.

"ஒயர் மாறியிருக்குன்னு தொரைகிட்ட மொதல்ல சொன்னதே எங்கம்மாதானுங்க மேடம். திருடுனவளே போய், உங்க ஊட்டுல திருட்டுப் போயிருச்சுன்னு சொல்லுவாளுங்களா?"

ஆனால் வழியில் ஸ்டேஷனில் நகல் வாங்கிப் பார்த்த ஜெஃப்ரியின் புகாரில் கதை வேறு மாதிரி இருந்தது. புதன்கிழமை சாயங்காலம் பாட்டு தேவலோகமாக ஒலித்ததாம். வியாழன் மத்தியானம் ரெக்கார்டைப் போட்ட ஒரு நிமிஷத்திலேயே சத்தம் செத்துப்போயிருப்பதை அவர் காது கண்டுபிடித்துவிட்டதாம். பின்னால் போய்ப் பார்த்தால் கேபிள் இருந்த இடத்தில் ஏதோ மட்டமான ஒயர். நடுவில் அந்த வீட்டுக்குள் வந்து போனவள் இசக்கியம்மா ஒருத்திதான். அவள் வந்து சொன்னதாகப் புகாரில் ஒரு வரிகூட இல்லை.

"ரெண்டு பேர்ல ஒருத்தர் பொய் சொல்றாங்க," என்றாள் நாஜ்னீன், மேடு முடிந்த இடத்தில். "பொய் சொல்ற வசதி அதுல ஒருத்தருக்கு மட்டும்தான் இருக்கு."

கமலேஷ் பங்களா கேட்டைப் பார்த்து வண்டியைத் திருப்பினான். "மூணேகால் லட்சம் மேடம். இந்த வண்டிய வித்தா அந்தக் கேபிள்ல ஒரு சாண்கூட வராது. ஆனா ஒண்ணு, நம்ம வண்டில பாட்டு கேக்கவே வேண்டாம், இஞ்சினே பாடிருது."

அவள் சிரிக்கவில்லை. அவனும் அதை எதிர்பார்க்கவில்லை.

ஸ்டேஷன் சப்-இன்ஸ்பெக்டர் சங்கிலி, கேபிளைக் கண்டுபிடிக்க ஒரு ஆள் வருவார் என்று முன்பே போனில் சொல்லியிருந்ததால்தான் ஜெஃப்ரி கதவைத் திறந்தார். அறுபதைத் தாண்டிய உயரமான மனிதர். கம்பளி ஸ்வெட்டர், இடுப்பில் வலிக்கான பெல்ட். காலடியில் ஒரு கொழுத்த நாய் தூங்கிக்கொண்டிருந்தது. அவர் இவர்களை உட்காரச் சொல்லவில்லை.

ஹாலின் ஒரு சுவர் முழுக்க அவருடைய ஸ்டீரியோதான். நடுவில் நீளமான தேக்கு அலமாரி, அதன்மேல் ஆம்ப்ளிஃபையரும் ரெக்கார்டு பிளேயரும், இரண்டு பக்கமும் ஆள் உயர ஸ்பீக்கர்கள். ஒயர்கள் எல்லாம் அலமாரிக்குப் பின்னால், சுவரோரமாகப் போயின.

கேபிளைப் பற்றிக் கேட்டதும் அவர் முகம் மாறியது. அது வந்த பிறகுதான் பாடுகிறவரின் மூச்சே தன் காதுக்குக் கேட்டது என்றார். ஒவ்வொரு வாத்தியமும் தனித்தனியாக எழுந்து நின்றதாம். சாதாரண ஆட்களுக்கு இந்த வித்தியாசம் தெரியாது என்று சொல்லும்போது கமலேஷின் செருப்பைப் பார்த்தார்.

"ஃபேக்டரியில ரோலர் ஓடுற சத்தத்த வெச்சே எந்த பேரிங் போகப் போகுதுன்னு சொன்னவன் நான். என் காதை ஏமாத்த முடியாது."

நாஜ்னீன் அலமாரிக்குப் பின்னால் குனிந்து நுழைந்தாள். கமலேஷ் செல்போன் விளக்கை அடித்தான். கடைவீதியில் மீட்டர் கணக்கில் வெட்டித் தருகிற சிவப்பு-கறுப்பு இரட்டை ஒயர்தான் அங்கே கிடந்தது. ஆனால் முனைகளை அழகாகச் சீவி, முறுக்கி, திருகில் இறுக்கமாக மாட்டியிருந்தார்கள்.

"ரொம்ப நல்ல திருடன் மேடம்," என்று கிசுகிசுத்தான் கமலேஷ். "என் ஊட்டுல திருடுனவன் சிலிண்டரத் தூக்கிட்டுப் போனான். சாப்பாட்டுக்கு என்ன பண்ணுவாங்கன்னு ஒரு ஸ்டவ் வெச்சுட்டுப் போகத் தோணல."

அதைத்தான் நாஜ்னீனும் யோசித்துக்கொண்டிருந்தாள். ஒயரை மாட்டாமல் போயிருந்தால் பாட்டு கேட்காது, அன்றைக்கே தெரிந்துவிடும். மாட்டிவிட்டுப் போனவனுக்குத் திருட்டு வெளியே தெரியாமல் நாள் ஓட வேண்டியிருந்தது. அதற்கும் மேலே, மாட்டினால் தெரியவே தெரியாது என்ற தைரியமும் அவனுக்கு இருந்திருக்கிறது.

அவள் விளக்கை வாங்கிச் சுவரோரம் காட்டினாள். மழைக்காலத்தில் நீலகிரியில் செருப்பு, பெல்ட், புத்தகம் எதையும் பூஞ்சை விட்டு வைப்பதில்லை. இந்தச் சுவரிலும் ஈரம் இறங்கி வெள்ளையும் பச்சையுமாகப் பூஞ்சை படர்ந்திருந்தது. சுவரிலிருந்து இறங்கிய பூஞ்சை, எங்கும் அறுபடாமல், சிவப்பு-கறுப்பு ஒயரின்மேல் ஒரு சாண் தூரத்துக்கு ஏறியிருந்தது.

கமலேஷ் மெதுவாக மூச்சை விட்டான். "வியாழக்கிழமையிலிருந்து இவ்வளவு வளர்ந்திருந்தா, இதையே எஸ்டேட்ல நட்டுரலாம் மேடம். தேயிலைய விட சீக்கிரம் அறுவடை."

நாஜ்னீன் போட்டோ எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள். அலமாரிக்குப் பின்னால் வழக்கமாக யார் போவார்கள் என்று கேட்டாள். இசக்கியம்மாதான், மாதம் ஒரு தடவை துடைக்க, தனக்கு முதுகுவலி, குனிந்து நாலு வருடம் ஆகிறது என்றார் ஜெஃப்ரி.

"அப்ப வியாழக்கிழமை எப்படிங்க குனிஞ்சு பார்த்தீங்க?"

ஜெஃப்ரியின் காதோரம் சிவந்தது. டார்ச் அடித்து மேலிருந்தே பார்த்தேன் என்றார். தன்னை விசாரிக்க வந்தாளா, திருடியை விசாரிக்க வந்தாளா என்று கேட்டார். ஜன்னல் வழியாகச் சாரல் அடித்து அலமாரிக்குப் பின்னால் தண்ணீர் தேங்கியது, அதைத் துடைக்கும்போது இசக்கியம்மாதான் சொன்னாளாமே என்று நாஜ்னீன் அமைதியாகக் கேட்டாள். அவர் குரல் உயர்ந்தது. வேலைக்காரி வந்து சொல்லித்தான் தன் ஸ்டீரியோ சத்தம் தனக்குத் தெரிய வேண்டுமா என்றார். நாய் எழுந்து வேறு இடம் பார்த்துப் படுத்தது.

வேறு யார் அதைத் தொட்டார்கள் என்ற கேள்விக்கு, கேபிளை விற்ற அஸ்வந்த் மட்டும்தான், அவனைச் சந்தேகப்படுவது பாவம் என்றார். கோயமுத்தூர்ப் பையன். மலையில் நல்ல ஸ்டீரியோ வைத்திருக்கும் வீடுகளுக்கெல்லாம் அவன்தான் போவான். போன மாதம்கூட வந்து, முனைகளையெல்லாம் துடைத்துச் சுத்தம் செய்துவிட்டு ஒரு பைசா வாங்காமல் போனான். அந்தக் கேபிளின் அருமை தெரிய வேண்டுமானால் இதைப் படியுங்கள் என்று செல்போனை நீட்டினார். அஸ்வந்தின் வாடிக்கையாளர்கள் சேர்ந்து நடத்தும் வாட்ஸ்அப் குழு. கோத்தகிரியில் தேயிலை ஃபேக்டரி வைத்திருக்கும் ஸ்ரீமதி என்பவர், அதே கம்பெனிக் கேபிள் தன் வீட்டுக்கு வந்ததைப் பற்றி எழுதியிருந்தார். காதை மூடியிருந்த திரை விலகின மாதிரி இருக்கிறதாம்.

நாஜ்னீன் எழுத்தைப் படித்தாள். கமலேஷ் தேதியைப் படித்தான். ஜெஃப்ரி வீட்டில் அஸ்வந்த் சுத்தம் செய்துவிட்டுப் போன மூன்றாம் நாள் அது.

வண்டியில் ஏறியதும் நாஜ்னீன் புகாரின் நகலை எடுத்துப் பார்த்தாள். அடையாளம் என்ற இடத்தில், கேபிளின் ஒரு முனையில் நாய் குட்டியாக இருந்தபோது கடித்த பல் தடம் இருப்பதாக எழுதியிருந்தது.

"கோத்தகிரி," என்றாள்.

*

ஸ்ரீமதி தன் ஃபேக்டரி வாசலில் இலை மூட்டைகள் இறங்குவதைப் பார்த்துக்கொண்டு நின்றார். ஐம்பது வயது இருக்கும். ஸ்வெட்டர்மேல் இலைத்தூள். வந்த விஷயத்தை நாஜ்னீன் சுற்றி வளைக்காமல் சொன்னாள். ஸ்ரீமதி முதலில் நம்பவில்லை. அஸ்வந்த் தன் கண்ணெதிரே பெட்டியைப் பிரித்துக் கேபிளை எடுத்ததாகச் சொன்னார். பெட்டியும் பிளாஸ்டிக் உறையும் புதிது. வேண்டுமானால் வந்து பாருங்கள் என்று பக்கத்திலேயே இருந்த வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனார்.

கேபிள் கட்டைவிரல் தடிமனில், கறுப்பு வலை உறை போட்டு, பாம்பு மாதிரி தரையில் கிடந்தது. இரண்டு கேபிள்கள், ஒரு ஸ்பீக்கருக்கு ஒன்று. கமலேஷ் தரையில் படுத்து ஒரு முனையிலிருந்து மறுமுனை வரைக்கும் தடவிப் பார்த்தான். கடித்த தடம் எதுவும் இல்லை. ஒரே ஒரு இடத்தில் மட்டும், முனையிலிருந்து ஒரு சாண் தள்ளி, வெள்ளி நிறத்தில் ஒரு வளையம் மாட்டியிருந்தது.

அது என்ன என்று கேட்டான்.

அதிர்வைத் தாங்குகிற வளையமாம். அதற்கு அஸ்வந்த் தனியாக எட்டாயிரம் வாங்கியிருந்தான். அதை மாட்டிய பிறகு தாளக்கட்டு இன்னும் தெளிவாகக் கேட்டதாகச் சொல்லிக்கொண்டிருந்த ஸ்ரீமதி, பாதியில் நிறுத்தினார். அந்த மாதிரி வளையம் இரண்டு கேபிளில் ஒன்றில்தான் இருக்கிறது என்பது அப்போதுதான் அவர் கண்ணில் பட்டது.

"ஏனுங்க, ஒரு பக்கம் மட்டும்தான் அதிருமுங்களா?" என்றான் கமலேஷ்.

அவரே குனிந்து வளையத்தைப் பிடித்து இழுத்தார். அது வழுக்கிக்கொண்டு நகர்ந்தது. அடியில் கறுப்பு வலை பிய்ந்து, இரண்டு வரிசையாகச் சின்னச் சின்னப் பல் தடங்கள்.

அந்த வீட்டில் நாய் இல்லை, என்றைக்கும் இருந்ததில்லை. ஸ்ரீமதி திருகுகளைத் தானே கழற்றினார். ஒரு கேபிள், இன்னொரு கேபிள். இரண்டையும் சுருட்டி இலைச் சாக்கு ஒன்றில் போட்டார்.

"திரை விலகுச்சுன்னு எழுதினேன். எத்தனை பேர் படிச்சாங்களோ," என்றார். "நாய் கடிச்ச பழைய சரக்கைக் கேட்டுட்டு எழுதியிருக்கேன். நானும் வர்றேங்க. அவன் மூஞ்சியப் பாக்கணும்."

*

மூன்று மணிக்கு ஜெஃப்ரியின் ஹாலில் எல்லாரும் இருந்தார்கள். சப்-இன்ஸ்பெக்டர் சங்கிலி, அஸ்வந்தை அவன் குன்னூரில் வைத்திருந்த கடையிலிருந்து கூட்டி வந்திருந்தார். அஸ்வந்துக்கு முப்பது வயது இருக்கும். இஸ்திரி கலையாத சட்டை, சிரித்த முகம். உள்ளே வந்ததும் ஜெஃப்ரிக்குக் குனிந்து வணக்கம் சொன்னான்.

இசக்கியம்மாவும் சசிகலாவும் வராந்தாவிலேயே நின்றுவிட்டார்கள். நாலு நாளாகப் பெஞ்சில் உட்கார்ந்து இசக்கியம்மாவின் கால் வீங்கியிருந்தது. நாஜ்னீன் சாப்பாட்டு மேஜையிலிருந்து ஒரு நாற்காலியை ஹாலுக்கு நடுவில் இழுத்துப் போட்டு, அவளை உள்ளே கூட்டி வந்து உட்கார வைத்தாள். ஜெஃப்ரி ஏதோ சொல்ல வாயெடுத்தார். நாஜ்னீன் திரும்பிப் பார்த்த பார்வையில் சொல்லவில்லை.

அவள் சாக்கிலிருந்து கேபிளை எடுத்து மேஜைமேல் வைத்தாள். வளையத்தை நகர்த்திப் பல் தடத்தைக் காட்டினாள். பூஞ்சை படத்தைக் காட்டினாள். ஸ்ரீமதி தான் வாங்கிய தேதியைச் சொன்னார். சங்கிலி அஸ்வந்தைப் பார்த்தார்.

அஸ்வந்த் பதறவே இல்லை. இது கோயமுத்தூரில் ஒரு வீட்டிலிருந்து வாங்கிய பழைய கேபிள், அந்த வீட்டு நாய் கடித்தது என்றான். பழசைப் புதுசு என்று விற்றது தப்புதான், ஸ்ரீமதி மேடத்துக்கு உரியதைத் திருப்பிக் கொடுத்துவிடுகிறேன் என்றான். பூஞ்சை இந்த ஊரில் ஒரே வாரத்தில்கூட வரும் என்றான். பிறகு ஜெஃப்ரியின் பக்கம் திரும்பினான்.

"மேடம் வீட்டுக்கு இது வந்து மூணு வாரம் ஆகுதுங்க சார். நீங்க புதன்கிழமை சாயங்காலம் வரைக்கும் உங்க கேபிள்ல பாட்டு கேட்டிருக்கீங்க. புகார்லயே எழுதியிருக்கீங்க. அப்ப இது எப்படிங்க சார் உங்களோடதாகும்? உங்க காது பொய் சொல்லுமா?"

ஜெஃப்ரி சொன்ன அந்தப் புதன்கிழமைதான் அஸ்வந்துக்குக் கவசம். அது இருக்கும் வரை கேபிள் வேறு, திருட்டு வேறு, திருடியது இசக்கியம்மா.

சங்கிலி ஜெஃப்ரியிடம் நேராகவே கேட்டார். புதன்கிழமை கேட்டது உங்கள் கேபிள்தானா? நிச்சயமாகத் தெரியுமா? தெரியாது என்று ஒரு வார்த்தை சொன்னால் இவனை இப்போதே ஸ்டேஷனுக்குக் கூட்டிப் போகலாம்.

ஜெஃப்ரி மேஜைமேல் இருந்த கேபிளைப் பார்த்தார். பல் தடத்தைப் பார்த்தார். அது தன் நாயின் பல் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது, முகத்திலேயே தெரிந்தது. பிறகு நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"புதன்கிழமை நான் கேட்டது என் கேபிள்ல. அதுல சந்தேகமே இல்லை," என்றார்.

நாற்காலியில் இருந்த இசக்கியம்மா தலையைக் குனியவில்லை. அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். சசிகலா சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். நாஜ்னீன் பொய்க் கணக்குக் காட்டியவர்கள் எத்தனையோ பேரைப் பார்த்திருக்கிறாள். ஏதாவது ஒரு லாபத்துக்காகத்தான் பொய் சொல்வார்கள். இந்த ஆள் தன் கேபிளையும் விட்டுவிட்டு, ஒரு பெண்ணையும் ஜெயிலுக்கு அனுப்பத் தயாராக இருக்கிறார். காதுக்காக. அவர் காது நல்ல காது என்று ஒரு டீலர் சொன்னதற்காக.

கத்தினால் வேலை கெட்டுவிடும். அவள் குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"சரிங்க சார். நான் உங்க காதையே சாட்சியா எடுத்துக்கறேன். ஒரே கம்பெனிக் கேபிள்னாலும் ஒண்ணுக்கொண்ணு வித்தியாசம் உங்களுக்குத் தெரியுமில்லைங்களா? இதை மாட்டிப் பார்ப்போம். இது உங்க கேபிளா, இல்ல வேற யாரோடதோவான்னு நீங்களே கேட்டுச் சொல்லுங்க. நீங்க சொல்றதை சார் எழுதிக்கட்டும்."

ஜெஃப்ரியின் தோள் தளர்ந்தது. கேபிளும் திரும்பி வரும், காதும் தப்பிக்கும் என்று ஒரு வழி அவருக்குத் தெரிந்துவிட்டது போலிருந்தது. அது புதன்கிழமைக் கதையோடு ஒட்டாது என்பது அவருக்குத் தோன்றவே இல்லை. ஆனால் அஸ்வந்துக்குத் தோன்றியது. வாயைத் திறந்தான். மூடிக்கொண்டான். காதால் கேட்டுக் கேபிளை அடையாளம் சொல்ல முடியாது என்று அவன் எந்த வாயால் சொல்வான்? முடியும் என்று சொல்லித்தானே மலை முழுக்க விற்றிருக்கிறான்.

கமலேஷ் கேபிள்களைத் தோளில் போட்டுக்கொண்டு அலமாரிக்குப் பின்னால் போனான். ஆம்ப்ளிஃபையரை அணைக்கச் சொன்னான். கொஞ்ச நேரம் திருகுகிற சத்தமும் முனகலும் கேட்டன. எதிலோ தலையை இடித்துக்கொண்டு யாரையோ திட்டினான். பிறகு போடலாம் என்று குரல் கொடுத்தான்.

ஜெஃப்ரியே ரெக்கார்டை எடுத்து வைத்தார். வயலின். நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடினார். சாரல் மறுபடி ஜன்னலில் அடிக்கத் தொடங்கியிருந்தது. முதல் வரி முடிவதற்குள் அவர் முகம் மெல்ல விரிந்தது. கை நாற்காலிக் கைப்பிடியில் தாளம் போட்டது. ஸ்ரீமதி அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணாடியில் தன்னையே பார்ப்பவர் மாதிரி.

"இதுதான்," என்றார் ஜெஃப்ரி, கண்ணைத் திறக்காமலே. "வில்லு கம்பியில உரசுறது தனியாக் கேக்குது பாருங்க. நாலு நாளா இது செத்துக் கிடந்தது. இது என் கேபிள். சத்தியம் பண்ணுவேன்."

சங்கிலி பேனாவை எடுத்தார். நாஜ்னீன் எழுத வேண்டாம் என்று கையைக் காட்டினாள்.

வயலின் வாசித்துக்கொண்டே இருந்தது. அலமாரிக்குப் பின்னாலிருந்து கமலேஷ் எழுந்து வந்தான். இரண்டு கறுப்புக் கேபிளும், போகும்போது இருந்த மாதிரியே, அவன் தோளில் தொங்கிக்கொண்டிருந்தன. அவற்றை மேஜைமேல் வைத்துவிட்டுத் தலையைத் தடவிக்கொண்டான்.

"அந்தப் பூஞ்சை ஒயரை நான் தொடவே இல்லைங்க சார்," என்றான். "இப்பப் பாடறது அதுதான்."

ஜெஃப்ரி கண்ணைத் திறந்தார்.

முதலில் சிரித்தது அஸ்வந்த். அடக்க முடியாமல் வந்த சிரிப்பு. சங்கிலியின் கை தோளில் விழுந்ததும் நின்றது. இனி ஒளிக்க ஒன்றும் இல்லை என்றானபோது அவனுக்கும் கோபம்தான் வந்தது. மூன்று வீடு என்றான். ஒரு வருடமாக ஒரே ஜோடிக் கேபிள்தான் மூன்று வீட்டையும் சுற்றிக்கொண்டிருக்கிறது. சுத்தம் செய்கிறேன் என்று போவான், கழற்றுவான், மட்ட ஒயரை மாட்டுவான், அடுத்த வீட்டில் விற்பான்.

"ஒருத்தர், ஒரே ஒருத்தர் போன் பண்ணி சத்தம் மாறியிருக்குன்னு சொல்லியிருந்தா அன்னைக்கே நிறுத்தியிருப்பேன். யாரும் பண்ணல. சர்வீஸுக்கு அப்புறம் இன்னும் நல்லா இருக்குன்னுதான் மெசேஜ் வந்துச்சு."

"நல்லாச் சிரிச்சுக்க," என்றாள் நாஜ்னீன். "இவங்களப் பாத்து நீ சிரிக்கலாம். வியாழக்கிழமை இவர் உனக்குத்தானே மொதல்ல போன் பண்ணினார்? அப்ப நீ என்ன சொன்னே?"

ஜெஃப்ரிதான் சொன்னார், தரையைப் பார்த்துக்கொண்டு. வேலைக்காரர்களை விசாரியுங்கள் சார் என்று அவன்தான் சொன்னானாம்.

"அவன் சொன்னான். நீங்க செஞ்சீங்க," என்றாள் நாஜ்னீன். இப்போது குரலைத் தாழ்த்தவில்லை. "அவன் திருடன். அவனுக்கு அது தொழில். உங்களுக்கு என்னங்க? இந்தம்மா வந்து சொன்னதை இந்தம்மா சொன்னாங்கன்னு எழுதியிருந்தா போதும். அன்னைக்கே முடிஞ்சிருக்கும். நாலு நாள் ஸ்டேஷன் பெஞ்சில. லயன் ஊட்டைக் காலி பண்ணச் சொல்லிட்டாங்க. எல்லாம் உங்க காது நல்லாயிருக்குன்னு நாலு பேர் சொல்றதுக்கா?"

ஜெஃப்ரி எழுந்து போய் ஆம்ப்ளிஃபையரை அணைத்தார். திரும்பி வந்து உட்காரும்போது வயது கூடியிருந்தது. புகாரை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன் என்றார். சங்கிலி தலையாட்டிக்கொண்டு பேனாவை மூடப் போனார்.

"தொரை," என்றாள் இசக்கியம்மா. அந்த மத்தியானம் அவள் பேசிய முதல் வார்த்தை அது. "வாபஸ் எல்லாம் அப்பறம் வாங்குங்க. அன்னைக்கு நான் வந்து ஒங்ககிட்ட என்னா சொன்னேன்? அத இவங்க முன்னால சொல்லுங்க."

அவர் சங்கிலியைப் பார்த்தார். சங்கிலி ஜன்னலைப் பார்த்தார். ஸ்ரீமதியிடமிருந்தும் அவருக்கு உதவி வரவில்லை.

"தடியா இருந்த கறுப்பு ஒயரைக் காணோம், சின்ன ஒயர் இருக்குன்னு சொன்னே," என்றார் கடைசியில். "எனக்குக் கேக்கல. சத்தத்துல எனக்கு ஒண்ணும் தெரியல. நீ சொல்லித்தான் தெரியும்."

"எழுதுங்கய்யா," என்றாள் இசக்கியம்மா சங்கிலியிடம். அவர் எழுதினார். ஜெஃப்ரி கையெழுத்துப் போட்டார்.

போட்டுவிட்டு, நாளையிலிருந்து வேலைக்கு வந்துவிடு, சம்பளத்தையும் கூட்டித் தருகிறேன் என்றார். மனசார சொன்ன மாதிரிதான் இருந்தது. இசக்கியம்மா மகளின் தோளைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள்.

"இனிமே இந்த ஊட்டுல தீப்பிடிச்சாலும் ஒங்ககிட்ட வந்து சொல்ல எனக்கு மனசு வராது தொரை. அப்படியாப்பட்ட ஆளு ஒங்களுக்கு எதுக்கு?"

அஸ்வந்தைக் கான்ஸ்டபிளோடு ஆட்டோவில் அனுப்பும்படி ஆனது. காரணம் நாஜ்னீன். லயன் வாசலில் எல்லாரும் பார்க்க எந்த ஜீப்பில் ஏற்றிப் போனீர்களோ, அதே ஜீப்பில் கொண்டுபோய் விட வேண்டும், விட்டுவிட்டு எல்லாரும் கேட்கச் சொல்லவும் வேண்டும் என்று சங்கிலியிடம் சொன்னாள். அவர் தயங்கியபோது, பெண்பிள்ளையைக் கைது என்று எழுத்தில் எதுவும் காட்டாமல் நாலு நாள் உட்கார வைத்ததைப் பற்றி எங்கே, யாரிடம் எழுதிக் கொடுப்பது என்று தனக்குத் தெரியும் என்றாள். இசக்கியம்மா ஜீப்பின் முன் சீட்டில் ஏறினாள். ஆம்னி பின்னாலேயே போனது.

"இப்பக் கோபம் தணிஞ்சுதுங்களா மேடம்?" என்றான் கமலேஷ்.

"இல்லை. வண்டிய ஓட்டு."

லயன் வீடுகள் ஒரே வரிசையாக, தேயிலைச் சரிவின் ஓரத்தில் இருந்தன. ஷிஃப்ட் முடிந்து ஆட்கள் வந்துகொண்டிருந்த நேரம். ஜீப்பைப் பார்த்ததும் வாசல்களில் கூட்டம் சேர்ந்தது. எஸ்டேட் ஆபீஸ் சூப்பர்வைசரும் குடையோடு வந்து நின்றார். சங்கிலி இறங்கி, தொப்பியைச் சரிசெய்துகொண்டு, திருடன் பிடிபட்டுவிட்டான், இசக்கியம்மா மேல் ஒரு குற்றமும் இல்லை, போலீஸ் தப்பாகக் கூட்டிப் போய்விட்டது என்று பொத்தாம்பொதுவாக முணுமுணுத்துவிட்டு ஜீப்பில் கால் வைத்தார்.

இசக்கியம்மா இன்னும் இறங்கவில்லை. முன் சீட்டிலேயே உட்கார்ந்திருந்தாள்.

"சத்தமாச் சொல்லுங்கய்யா," என்றாள். "கடைசி ஊட்டுக்குக் கேக்கல."